58 சென்டிமீட்டரும் பின் முழங்காலும்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருக்கு 41 வயது, உயரம் 170 சென்டிமீட்டர். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. மகளின் பள்ளிக்கூடப் பனி முகாமுக்கு முன்னால் அவளுக்குத் துணையாகப் போய், ஆறு வருடங்களுக்கு முன் தானும் ஸ்னோபோர்ட், அதாவது ஒற்றைப் பலகையில் குறுக்காக நின்று பனியில் சறுக்குவது, பழகியவர். பாதம் பலகைக்கு நேர்க்குறுக்கே நிற்பதைச் சுழியமாக வைத்து, முன்கால் +15, பின்கால் −15 டிகிரி என்று இரண்டு பாதமும் வாத்துப் போல வெளியே விரிந்த நிலையில் ஐந்து பருவம் சறுக்கியிருக்கிறார். ஒரு நோவும் இல்லை.

போன பருவம் கார்விங் ஆசை வந்துவிட்டது. பலகையைப் பக்கவாட்டில் சீவவிடாமல், விளிம்பிலேயே சாய்த்து, பனியில் ஒற்றைக் கோடு கீறிக்கொண்டு திரும்புகிற அந்த வித்தை. காணொளிகளைப் பார்த்து முன்கால் +33, பின்கால் +21 என்று இரண்டு பைண்டிங்கையும், சப்பாத்தைப் பலகையோடு பிடித்துவைக்கிற பூட்டுகளை, முன்பக்கம் திருப்பிவிட்டார். இரண்டுக்கும் நடுவே உள்ள அகலத்தைத் தொடவில்லை. கடையில் பூட்டிக் கொடுத்த 58 சென்டிமீட்டர் அப்படியே இருக்கிறது. நாலாவது நாள் பின் முழங்காலின் உட்பக்கம் நோகத் தொடங்கியது. குதிப்பக்க விளிம்பில் சாய்ந்து திரும்பும்போது தாழ முடியவில்லை, தொடை எரிகிறது. ஒரு நண்பர் 60க்கு அகட்டினால்தான் தாழலாம் என்கிறார். இன்னொருவர் கார்விங் என்றால் 46தான் என்கிறார்.

அவர் கேட்பவை இவை: எந்த எண் சரி? முழங்கால் பழுதாகிவிட்டதா? கடைக்காரர் பிழையாகப் பூட்டினாரா? "விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் விபத்துக் காப்புறுதி தரும்" என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னாராம், அது சரியா? கடைசியில், 13 வயது மகளின் பலகையையும் இப்படி மாற்றவேண்டுமா?

தம்பி, எந்த எண் என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் முழங்காலிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் முழங்கால்

கடிதத்தை வைத்து ஒரு முழங்காலைப் பரிசோதிக்க முடியாது. ஆனாலும் நீங்கள் நல்ல விவரமாக எழுதியிருக்கிறீர்கள்: வீக்கம் இல்லை, பூட்டிக்கொள்ளவில்லை, படி இறங்கும்போது மட்டும் லேசாக நோகிறது, இரண்டு நாள் ஓய்வில் குறைகிறது. இது பெரும்பாலும் பாரம் தாங்காமல் முறையிடுகிற முழங்கால். உட்பக்கத்தில் இணைநார் இருக்கிறது, கொஞ்சம் கீழே தொடைத் தசைகளின் நாண்கள் வந்து ஒட்டுகின்றன. முழங்கால் உள்ளே விழுந்து விழுந்து எழும்பினால் இவைதான் முதலில் நோகும்.

இனி சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பலகையை ஓரமாக வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். சறுக்கிய சில மணி நேரத்தில் முழங்கால் வீங்குவது, மடக்கிய கால் நீட்ட முடியாமல் இறுகிக்கொள்வது, நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப்போவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கிற நோவு. இவை அகலத்தை மாற்றிச் சரிசெய்கிற விஷயங்கள் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு படியின் விளிம்பில் பின்காலால் மட்டும் நின்று, மற்றக் காலை ஆறுதலாகக் கீழ்ப்படிக்கு இறக்குங்கள். கண்ணாடிக்கு முன்னால் செய்தால் நல்லது. நிற்கிற காலின் முழங்கால் பெருவிரலையும் தாண்டி உள்ளே போகிறதென்றால், பாதி வேலை இடுப்பின் பக்கத் தசையில் இருக்கிறது. அதைப் பலப்படுத்தாமல் எந்த எண்ணில் பூட்டினாலும் சீசன் முடிவில் திரும்பவும் எனக்கு எழுதுவீர்கள். இழுபட்டியைக் கணுக்காலுக்கு மேலே போட்டுக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடப்பது போதும், வாரத்தில் மூன்று நாள். சமையலறை இடைவேளையிலும் செய்யலாம். ஆட்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அகலத்தையும் கோணத்தையும் பிரிக்க முடியாது

உங்கள் இரண்டு நண்பர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். கோணத்தைக் கேட்காமல் அகலத்தைச் சொல்கிறார்கள்.

அகலம் என்று நாம் சொல்வது ஒரு பைண்டிங்கின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரைக்கும் உள்ள தூரம். வாத்து நிலையில் நிற்கும்போது அந்தத் தூரம் முழுவதும் இடமும் வலமுமாகக் கால் அகட்டுவதற்கே போகிறது. கடலில் வள்ளத்தில் நிற்கிற ஆள் மாதிரி. ஆனால் இரண்டு பாதத்தையும் முன்பக்கம் திருப்பினால் அதில் ஒரு பங்கு எட்டு வைத்து நிற்பதாக மாறிவிடும். ஒரு கால் முன்னே, மற்றது பின்னே. உங்கள் +33க்கும் +21க்கும் நடுக்கோணம் 27 டிகிரி. 58 சென்டிமீட்டரில் கணக்குப் போட்டால் பக்க அகலம் ஏறத்தாழ 52, முன்பின் இடைவெளி 26 சென்டிமீட்டர். அதாவது நீங்கள் இப்போது அகட்டி நிற்பதோடு ஒரு எட்டும் வைத்து நிற்கிறீர்கள்.

நம்பாவிட்டால் வீட்டில் அப்படியே எட்டு வைத்து நின்று முழங்காலை மடக்கிப் பாருங்கள். பின்பாதத்தின் குதி மேலே எழும்பப் பார்க்கும். குதி எழும்பாதபடி சப்பாத்தும் பட்டியும் பிடித்திருந்தால், அந்த அசைவு வேறு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? முழங்கால் உள்ளே விழுகிறது. உங்கள் நோவு அதே இடத்தில், அதே காலில். முன்காலில் இல்லை, வெளிப்பக்கத்திலும் இல்லை. கடிதத்தை வாசித்தபோது எனக்கு இதுதான் முதலில் பட்டது.

46 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதும் இதே கணக்கில் விளங்கும். பனியில் உடம்பு முழுவதும் படுத்துத் திரும்புகிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். வலே மாநிலத்துச் சினாலில் ஜாக் ரில்லியே, பத்ரிஸ் ஃபிவா என்ற இருவர் வளர்த்த பாணி அது. அவர்கள் அணிவது ஸ்கீ சப்பாத்துப் போன்ற கடினச் சப்பாத்து. அந்த வகையில் கோணம் 50, 60 டிகிரிக்குப் போகும். 60 டிகிரியில் 58 சென்டிமீட்டர் அகட்டினால் முன்பின் இடைவெளி மட்டுமே 50 சென்டிமீட்டர். அதில் யாரும் குனிந்து எழும்ப முடியாது. ஆகவே அவர்கள் அகலத்தைக் குறைத்து, முன்காலில் விரல் பக்கத்தையும் பின்காலில் குதியையும் ஆப்பு வைத்து உயர்த்திக்கொள்கிறார்கள். கால் உள்நீளத்தை 0.6 ஆல் பெருக்கு என்ற வாய்ப்பாடும் அந்த உலகத்தினுடையது. அதை உங்கள் மென்சப்பாத்துக்கு எடுத்துவந்தால், முனைக்கும் வாலுக்கும் நடுவில் குச்சி மாதிரி நிற்பீர்கள். கொஞ்சம் மேடுபள்ளமான பனி வந்தால் முன்னும் பின்னும் ஆட்டம் காணும்.

60 சொன்ன நண்பரின் நினைப்பும் பாதி சரி. அகட்டினால் உடம்பின் பாரம் தாழும், நேரே போகும்போது உறுதியாக இருக்கும், முனையிலும் வாலிலும் கை ஓங்கும். துள்ளிச் சுழல்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் கார்விங்கில் தாழ்வது என்பது கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் மடிவதால் வருவது. ஏற்கனவே அகட்டி நிற்கிறவருக்கு மடிய மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். நீங்கள் குதிப்பக்கத்தில் கதிரையில் இருப்பதுபோல் இருக்கப் பார்க்கிறீர்கள், பின்கால் விடவில்லை, அதனால் இடுப்பால் மட்டும் குனிகிறீர்கள். தொடை எரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கம்பளத்தில் நின்று எண்ணைப் பிடிப்பது

உயரத்தை வைத்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். தரையிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரைக்கும் அளந்து அதையே அகலமாக வை என்றும் சொல்வார்கள். இரண்டும் தொடங்குவதற்கு உதவும். முழங்கால் அளவு 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 48, 50 அளவில் வரும், பட்டியல்கள் பெரும்பாலும் அதைவிட இரண்டு மூன்று கூட்டிச் சொல்லும். எனக்கு இவற்றைவிட ஒரு எளிய வழி பிடிக்கும்.

சப்பாத்து இல்லாமல் கம்பளத்தில் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாலு தடவை மெதுவாகத் துள்ளி, முழங்காலை மடக்கி இறங்குங்கள். யோசிக்காமல் இறங்கவேண்டும், அதுதான் முக்கியம். இறங்கிய இடத்தில் மகளைக் கொண்டு இரண்டு பாதத்தின் நடுவையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு அந்த எண் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட வரும். பிறகு நிறம் கூடிய ஒட்டுநாடாவால் தரையில் நேர்கோடு ஒன்று ஒட்டி, அந்த அகலத்தில் +33, +21 கோணங்களைக் குறித்து, அதில் நின்று குந்துங்கள். குதி தரையில் இருக்கவேண்டும். கைப்பேசியை முழங்கால் உயரத்தில் வைத்து முன்னாலிருந்து படம் பிடியுங்கள். ஒவ்வொரு முழங்காலும் அதன் இரண்டாம் விரலுக்கு நேரே போகிறதா என்று பாருங்கள். பின்கால் உள்ளே போனால் பாதங்களை ஒரு சென்டிமீட்டர் நெருக்குங்கள், அல்லது பின்கோணத்தை மூன்று டிகிரி குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

என் ஊகம், நீங்கள் 52க்கும் 54க்கும் நடுவில் போய் நிற்பீர்கள், பின்கோணம் 15 அல்லது 18. ஊகம்தான். உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்று எனக்குத் தெரியாதே.

பின்கோணத்தைக் குறைப்பதில் ஒரு விலை இருக்கிறது. பாதம் எவ்வளவு குறுக்காக நிற்கிறதோ அவ்வளவுக்கு விரல் நுனி பலகைக்கு வெளியே நீட்டும். 21இலிருந்து 12க்குப் போனால், 30 சென்டிமீட்டர் நீளச் சப்பாத்து குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கூட இடம் பிடிக்கும். ஆழமாகச் சாயும்போது அந்த நுனி பனியில் முட்டினால் விளிம்பு பனியை விட்டு எழும்பிவிடும், ஆள் தோளில் விழுவார். உங்களுடையது 43 அளவுச் சப்பாத்து, பலகையின் இடுப்பு, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தின் அகலம், 25.2 சென்டிமீட்டர் என்கிறீர்கள். அதற்கு 15க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பைண்டிங்கை உள்ளே நகர்த்தும்போதும் பலகை ஒடுங்குகிறதே என்று கேட்பீர்கள். 58இலிருந்து 52க்கு வந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான், அதை விடுங்கள்.

இனிப் பூட்டுகிற வேலை. உங்கள் பலகையில் துளைகள் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று. இரண்டு பைண்டிங்கையும் ஒவ்வொரு துளை உள்ளே எடுத்தால் அகலம் 58இலிருந்து 54 ஆகும், நடுப்புள்ளி மாறாது. ஒன்றை மட்டும் எடுத்தால் 56, ஆனால் நீங்கள் நிற்கும் நடுப்புள்ளி ஒரு சென்டிமீட்டர் முன்னேயோ பின்னேயோ போய்விடும். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் "நெருக்கினேன், பலகையின் முனை பனியைக் குத்துகிறது" என்கிறார்கள். நெருக்கியது பிழை இல்லை, நடு மாறியதுதான். பைண்டிங் நடுவிலிருக்கும் வட்டத் தகட்டின் நீள்துளைகளைப் பலகையின் நீளப்பக்கம் திருப்பிப் பூட்டினால் துளைக்குத் துளை நடுவிலும் கொஞ்சம் நகர்த்தலாம். 53 அப்படித்தான் கிடைக்கும்.

இதை வீட்டில் செய்யுங்கள். நான் ஒருமுறை மலை நடுவில், சேர்லிஃப்டுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டு அவசரமாக மாற்றப் போனேன். ஒரு திருகாணி உருண்டு புதுப்பனிக்குள் போனது. கையால் கிண்டினேன், போன இடம் தெரியவில்லை. மூன்று திருகாணியோடு, பின்கால் ஆட்டம் போட, ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்தேன். அன்று முதல் சட்டைப்பையில் நாலு உதிரித் திருகாணி இருக்கும். 3ஆம் எண் நட்சத்திரத் திருப்புளியால் இறுக்குங்கள், மின்துளைக் கருவி வேண்டாம். முதல் சறுக்கல் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பனியில் சோதிக்க, காலை வேளையில், சீர் செய்த அகலமான நீலப் பிஸ்ட், அதாவது இலகுவான சறுக்குப் பாதை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் 54, மூன்று சறுக்கல். லிஃப்டில் ஏறும்போது உங்கள் தடத்தைக் குனிந்து பாருங்கள். பென்சில் கோடு போல மெல்லியதாக இருந்தால் பலகை வெட்டுகிறது. துடைப்பத்தால் இழுத்ததுபோல அகலமாக இருந்தால் இன்னும் சீவுகிறது. திருப்பத்தின் கடைசிப் பாதியில் மட்டும் அகலமானால் நீங்கள் பின்காலைத் தள்ளுகிறீர்கள், அதுவும் உட்பக்க முழங்காலுக்கு ஆகாது. அந்த மூன்றும் நோவில்லாமல் போனால் அடுத்த நாள் 52. முனை பதறுகிறது, நேரே போகும்போது நிலை தளம்புகிறது என்றால் அது உங்களுக்கு ஒடுக்கம், 53க்குத் திரும்புங்கள்.

அகலத்தைச் சரிசெய்த பிறகும் கணுக்கால் திருகுவதுபோல் இருந்தால், பாதத்தின் வெளிவிளிம்பை இரண்டு மூன்று டிகிரி உயர்த்துகிற ஆப்புத் தகடு கிடைக்கும். சில பைண்டிங்களில் பாதத்தட்டே அப்படிச் சாய்ந்திருக்கும். அகட்டி நிற்கிற கால் உள்ளே சாய்வதால், பாதமும் அதற்கு ஏற்றபடி சாய்ந்தால் கணுக்காலில் திருகல் குறையும். ஆனால் முதலில் அதை வாங்கவேண்டாம். பலர் 58இல் நின்றுகொண்டே ஆப்புக்குக் காசு கொடுக்கிறார்கள்.

கடையும் காப்புறுதியும்

கடைக்காரர்மேல் குறை சொல்ல இடமில்லை. பலகையில் உற்பத்தியாளர் குறித்த தொடக்க அகலம் என்று ஒன்று இருக்கும், அவர் அதில் பூட்டியிருப்பார். அதுவும் வாத்து நிலைக்கு. கோணத்தை மாற்றியது நீங்கள். ஸ்கீயில் பைண்டிங் விழும்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதால் அதைக் கருவியில் சோதித்துச் சான்று ஒட்டி கொடுப்பார்கள். ஸ்னோபோர்ட் பைண்டிங் கழலாது, ஆகவே அந்தச் சோதனையும் கிடையாது.

காப்புறுதி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விழாமல் விழுந்தேன் என்று எழுதாதீர்கள். அது மோசடி. அதற்கு அவசியமும் இல்லை. வாரத்துக்கு 8 மணி நேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் வேலையிடக் காப்புறுதி உண்டு. ஆனால் விபத்து என்றால் சட்டத்தில் திடீரென்று, வெளியிலிருந்து, வழக்கத்துக்கு மாறான ஒன்று தாக்கவேண்டும். நாலு நாளில் ஊறி வந்த நோவு அதில் அடங்காது. அது சுகயீனமாகக் கணக்கிடப்பட்டு உங்கள் மருத்துவக் காப்புறுதிக்குப் போகும். நீங்கள் தெரிவுசெய்த ஃபிராஞ்சைஸ், 300 முதல் 2500 பிராங்க் வரை எதுவோ, அதுவரைக்கும் கைக்காசு. அதற்கு மேலே பத்து வீதம், வருடத்துக்கு 700 பிராங்க் வரை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தகடு) கிழிவு, இணைநார்க் காயம் போன்ற சில காயங்கள், விழாவிட்டாலும் விபத்துக் காப்புறுதிக்குள் வரும். அது பெரும்பாலும் தேய்மானத்தால் அல்லது நோயால் வந்தது என்று காப்புறுதி காட்டினால்தான் விலகலாம். ஆகவே குடும்ப வைத்தியரிடம் போனால் எந்த நாளில், எந்தத் திருப்பத்தில், எப்படித் தொடங்கியது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அவர் எழுதிவைக்கட்டும். அப்புறம் படம் எடுக்கவேண்டி வந்தால் அந்தக் குறிப்புத்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். பிசியோதெரபிக்கும் வைத்தியரின் சீட்டு வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒன்பது தடவை வரை. நேரே என் போன்றவர்களிடம் வந்தால் காப்புறுதி கட்டாது.

இந்த நோவு அடங்கும்வரை இரண்டு வாரம் பனிக்குப் போகவேண்டாம். போகும்போதும் லிஃப்டில் இறங்குகிற இடத்தில் கவனம். ஒரு கால் கழற்றியிருக்கும், மற்றதில் முழுப் பலகையும் தொங்கும். ஸ்னோபோர்டில் முழங்கால் திருகுப்படுகிற இடங்களில் அது ஒன்று. உங்கள் முன்கால் 33இல் இருப்பது இங்கே வாய்ப்பு, 15இல் இருந்ததைவிட முன்னே தள்ளிப் போகும்போது முழங்கால் குறைவாகத் திருகும்.

மகளைக் கேட்டிருந்தீர்கள். அவள் வாத்து நிலையில் சந்தோஷமாகச் சறுக்குகிறாள் என்றால் அப்பாவின் கோணத்தை அவளுக்குத் திணிக்கவேண்டாம். பிள்ளைக்கு இன்னும் எலும்பு வளர்கிறது, போன வருடத்து அளவு இந்த வருடம் பொருந்தாது. பருவம் தொடங்குமுன் கம்பளத்தில் அவளையும் துள்ளவிட்டு அளந்துகொள்ளுங்கள். அவளுடைய பைண்டிங் கடைசித் துளைக்கு வந்தும் அகலம் கூடவே இருந்தால் அந்தப் பலகை அவளுக்கு இன்னும் பெரிது. ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுங்கள், வாங்கவேண்டாம்.